மூப்பர்கள் பலராய் இருப்பது ஏன்?

(மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் காலம் இது. மற்ற மாதங்களில் இந்நேரம் உங்களில் பாதிப்பேர் கடலில் இருப்பீர்கள். மீதிப்பேர் விடியுமுன்னே ஏலத்துக்கு ஓட வேண்டுமே என்று படுத்திருப்பீர்கள். இப்போது ஊரே கரையில் இருக்கிறது. கூடிப் பேச இதைவிட நல்ல காலம் கிடைக்காது. அதனால் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். ஒரு சபைக்கு ஒரு மூப்பர் ஏன் போதாது? ஏன் மூப்பர்கள் பலர்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் யாரும் தனியாகப் பணம் எண்ணக் கூடாது. யாரும் தனியாக அழக் கூடாது. இந்த இரண்டுக்காகவும்தான் மூப்பர்கள் பலராய் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு மிகவும் பழையது. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் ஜனங்கள் இறைச்சி கேட்டு அழுகிறார்கள். மோசே மனம் உடைந்துபோகிறார். இத்தனை பேரையும் ஒற்றை ஆளாய்த் தாங்குவதைவிடச் செத்துப்போவதே மேல் என்று கடவுளிடமே முறையிடுகிறார். அதற்குக் கிடைத்த பதில் 70 மூப்பர்கள். அதற்கும் முன்னால், யாத்திராகமம் 18-இல், மாமனார் எத்திரோ மருமகனுக்கு இதே புத்தியைச் சொல்கிறார்: காலையிலிருந்து மாலைவரை நீ ஒருவனே வழக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் நீயும் ஓய்ந்துபோவாய், ஜனங்களும் ஓய்ந்துபோவார்கள். ஒரு நல்ல தலைவனின் களைப்பிலிருந்து பிறந்த ஏற்பாடு இது. களைப்பை ஒளித்துவைக்காத தலைவனுக்குத்தான் துணை கிடைத்தது.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், பவுலும் பர்னபாவும் லீஸ்திரா, இக்கோனியா, அந்தியோகியா என்று தாங்கள் போன ஊர்களுக்கே திரும்பிப் போய்ச் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்துகிறார்கள். கிரேத்தாத் தீவில் பட்டணந்தோறும் அவர்களை நியமிக்கும் வேலை தீத்துவிடம் ஒப்படைக்கப்படுகிறது. எபேசு சபையிடம் பிரியாவிடை பெறும்போது பவுல் மிலேத்துவுக்கு வரவழைத்தது மூப்பர்களைத்தான். வியாதிப்பட்டவன் யாரைக் கூப்பிட வேண்டும் என்று யாக்கோபு எழுதும்போதும் மூப்பர்கள் என்றே எழுதுகிறார். ஒரு சபைக்கு ஒரே ஒரு மூப்பரை வைத்துவிட்டு அப்போஸ்தலர்கள் புறப்பட்டதாக எங்கும் எழுதப்படவில்லை.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இராயபுரம் இருக்கிறது. துறைமுகம் கட்டுவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரை சேர்த்த படகோட்டிகள் எழுப்பிய இராயப்பர் கோயில் அங்கே இன்றும் நிற்கிறது. ஊரின் பெயரே அவர் பெயர்தான். இராயப்பர், பேதுரு, எப்படி அழைத்தாலும் அவர் ஒரு மீனவர். அப்போஸ்தலர்களில் முதலாவதாக எண்ணப்பட்டவர். அவர் தம் முதல் கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தில் மூப்பர்களுக்குப் புத்தி சொல்ல வரும்போது, தாமும் அவர்களோடு ஒரு மூப்பர் என்று சொல்லிக்கொண்டு தொடங்குகிறார். தமக்கிருந்த பெரிய பட்டத்தை அவர் அங்கே எடுக்கவில்லை. அதன்பிறகு மூன்று எச்சரிக்கை தருகிறார். வேறு வழியில்லையே என்று செய்யாதீர்கள். காசுக்காகச் செய்யாதீர்கள். மந்தையின்மேல் அதிகாரம் காட்டாதீர்கள். கடைசி எச்சரிக்கையை எழுதியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். சேவகனின் காதை வெட்டியவர். அதே இரவில் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து குருவை மறுதலித்தவர். அதிகாரம் எவ்வளவு பலவீனமான கையில் இருக்கக்கூடும் என்பதை அனுபவித்து அறிந்தவர் எழுதிய வரி அது.

நம் மண்ணில் இந்தப் பொறுப்பை யார் யார் சுமந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கே பரதவர்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியார் கரையோர ஊர்களில் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தினார். ஜனங்களைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுப்பது, குருவானவர் இல்லாதபோது சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கோயிலைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. 1545-இல் சவேரியார் மயிலாப்பூரில் சில மாதம் ஜெபத்தில் தங்கிவிட்டு மலாக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் போனபின் அந்தக் கரையில் விசுவாசத்தைக் காத்தது யார்? ஊரிலேயே இருந்தவர்கள். மூப்பர் என்ற பெயர் அவர்களுக்கு இல்லை, வேலை அதுதான்.

இன்னொரு சாட்சி, ஒரு பெண். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778-இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்ற பிராமணக் கைம்பெண் குளோரிந்தா, அங்கேயே சபையைக் கூட்டிச் சேர்த்தார். 1780-இல் எழுதப்பட்ட அந்தச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அங்கே அனுப்பப்பட்ட உபதேசியார் சத்தியநாதன் 1790-இல்தான் குருப்பட்டம் பெற்றார். குருப்பட்டம் பெற்ற ஆள் வருமுன்னே அந்த 40 பேரையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு பெண்ணின் கை. மூப்பர் வேலைக்குப் பெண்கள் தகுவார்களா என்று இன்றும் சில சபைகளில் விவாதம் நடக்கிறது. திருநெல்வேலி சபையின் முதல் பதிவேடே அதற்குப் பதில் சொல்லிவிட்டது என்பது என் எண்ணம்.

சென்னையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் எழும்பூரில் கட்டிய புனித அந்திரேயா ஆலயம் 1821-இல் முடிந்தது. மூப்பர்கள் கூடி நடத்தும் அவர்களுடைய பிரஸ்பிட்டேரியன் முறைக்கு வேர் ஜெனீவாவில் இருக்கிறது. 1541-இல் கால்வின் எழுதிய சபைச் சட்டத்தில் போதகர், போதனாசிரியர், மூப்பர், உதவிக்காரர் என்று நான்கு பணிகள். மூப்பர்கள் 12 பேர். ஊரின் எல்லாப் பகுதியிலும் கண் இருக்கும்படி அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு மூப்பருக்கும் இத்தனை வீடு என்று பிரித்துக் கொடுத்தார்கள். திருவிருந்துக்கு முன் அவர் அந்த வீடுகளுக்குப் போய்ச் சமாதானம் விசாரித்தார். அது நன்மை. தகுதியானவர் என்று கண்டவர்களுக்கு ஈயத்தில் செய்த ஒரு வில்லை கொடுப்பார்கள். அந்த வில்லை இருந்தால்தான் பந்தியில் இடம். மூப்பர் கை மூடினால் அப்பம் இல்லை. அங்கேதான் ஆபத்து. விசாரிக்கப் போகிறவர் வேவு பார்க்கப் போகிறவராக மாறிவிட அதிக நேரம் ஆகாது.

1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் ஒன்றாயின. ஆயரோடு சேர்ந்து சபையார் தேர்ந்தெடுத்த கமிட்டியும் நிர்வாகம் செய்யும் வழக்கம் அதில் தொடர்கிறது. அதற்கு ஆறு ஆண்டு முன்னால், 1941-இல், சுவிசேஷகர் பக்த் சிங் சென்னையில் யெகோவா ஷம்மா சபையைத் தொடங்கியிருந்தார். அவர் வழிவந்த சபைகளில் சம்பளம் வாங்கும் ஒரே போதகரின் கையில் சபை இருப்பதில்லை. மூப்பர்கள் கூடி நடத்துகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் பங்குப் பேரவையும் அன்பியங்களும் இருக்கின்றன. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 537-ஆவது பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. பாதைகள் வேறுவேறாக இருந்தும் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பதைக் கவனியுங்கள். ஒருவரிடம் எல்லாம் குவியக் கூடாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மீனவ ஊர்களுக்குப் பஞ்சாயத்து புதிதல்ல. வலைத்தகராறு, படகுத்தகராறு, குடும்பச் சண்டை எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்த்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்தபோது, நிவாரணம் வீடு வீடாய்ப் போய்ச் சேரக் கரையெங்கும் ஊர்ப் பஞ்சாயத்துகள் எவ்வளவு பாடுபட்டன என்று நமக்குத் தெரியும். அந்தப் பெரியவர்களுக்கு என் மரியாதை என்றும் உண்டு.

ஆனால் சபை மூப்பர் பொறுப்பு அந்த அச்சில் வார்க்கப்பட்டதல்ல. பரம்பரையாக வருவது அல்ல. படகு எத்தனை வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்துக் கொடுப்பது அல்ல. அபராதம் போடவும் ஒதுக்கி வைக்கவும் கிடைத்த நாற்காலியும் அல்ல. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் 3-ஆம் அதிகாரத்தில் கண்காணிக்கும் பொறுப்புக்கு ஒரு தகுதிப் பட்டியல் இருக்கிறது. தீத்துவின் கடிதம் ஏறக்குறைய அதே பட்டியலை மூப்பருக்குச் சொல்கிறது. குடிக்கு அடிமையாகாதவர், அடிதடிக்குப் போகாதவர், பண ஆசை இல்லாதவர், வந்தவரை உபசரிப்பவர், வீட்டை ஒழுங்காக நடத்துகிறவர், விசுவாசத்தில் நேற்று முளைக்காதவர். படிப்பும் இல்லை, சொத்தும் இல்லை, குலமும் இல்லை அந்தப் பட்டியலில். அதன் கடைசித் தகுதி என்ன தெரியுமா? சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் நல்ல பெயர் எடுத்திருக்க வேண்டும்.

காசிமேட்டுக்கு இந்தக் கடைசித் தகுதி மிக முக்கியம். இங்கே ஒரே படகில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவரும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவரும் சேர்ந்துதான் கடலுக்குப் போகிறார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்குப் பக்கத்தில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, வாளி வாளியாய் அள்ளிப்போட்டவர்களில் யார் எந்த வழிபாட்டுக்காரர் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் மூப்பரைத் தேர்ந்தெடுக்குமுன் ஐஸ் கட்டி இறக்குகிறவரையும், ஏலம் விடுகிறவரையும், வட்டிக்கு வாங்கிய பக்கத்து வீட்டு அம்மாவையும் கேட்டுப் பாருங்கள். கந்துவட்டிக்கு விடுகிற ஒருவர் காணிக்கைத் தட்டு ஏந்துவதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சொன்னேன். அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைகிறது. ஆலயத்துக்குள்ளேயே, கதவு திறந்திருக்க, ஒரு மேசை. காணிக்கைப் பையை அதன்மேல் கவிழ்க்கிறார்கள். மீன் விற்ற ஈரம் காயாத பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள். நாலாய் மடித்த ஐந்நூறு ஒன்று. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போட்ட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள். ஒருவர் நோட்டுகளைப் பிரித்து அடுக்குகிறார். இன்னொருவர் நாணயங்களைப் பத்துப் பத்தாய் அடுக்குகிறார். முதலாமவர் எண்ணியதை இரண்டாமவர் மறுபடி எண்ணுகிறார். மூன்றாமவர் ரிஜிஸ்டரில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறார். மூவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். திங்கட்கிழமை அது வங்கிக்குப் போகிறது; செலான் அதே பக்கத்தில் ஒட்டப்படுகிறது. கால் மணி நேர வேலை. இந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பல சபைகள் பல வருஷம் நீதிமன்ற வாசலில் நிற்கின்றன. நேர்மையான மனிதருக்கு இது அவமானம் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். இல்லை ஐயா, அவருடைய நேர்மைக்கு இதுதான் காவல். நாளைக்கு யாராவது ஒரு சொல் சொன்னால், அவர் பக்கம் பேச இரண்டு கையெழுத்து இருக்கும்.

இந்த வட்டாரத்தில் சிறு சபைகள் பல. ஒரு வாடகை அறையில், கண்ணீரோடும் உபவாசத்தோடும் தொடங்கியவை. அந்த ஊழியர்களின் தியாகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நிறுவிய போதகர், அவர் மனைவி, அவர் மகன் மூவரும் மட்டுமே நிர்வாகம் என்று ஒரு சபை வளர்ந்தால், அந்தப் போதகருக்கே அது கேடு. அவர் தவறும்போது தடுக்க ஆள் இல்லை; சோரும்போது தாங்க ஆள் இல்லை. மோசேக்கே 70 பேர் வேண்டியிருந்தது.

இரண்டாவது காரியம், அழுகை. கடலுக்குப் போன ஒருவர் திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் இது கற்பனையான துக்கம் அல்ல. படகு கவிழ்ந்தது, மூன்று பேர் நீந்தி வந்தார்கள், ஒருவர் கிடைக்கவில்லை. உடல் கிடைத்தால் அடக்கம் உண்டு, சான்றிதழ் உண்டு, துக்கத்துக்கு ஒரு நாள் உண்டு. உடல் கிடைக்காவிட்டால் அந்த மனைவி என்ன? வளையல் போட்டுக்கொள்ளலாமா என்று அக்கம்பக்கம் பேசும். ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரைத்தான் இறந்தவராகச் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். அதுவரை வங்கிக்கணக்கு, காப்பீடு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் முட்டல்தான்.

மூப்பரின் வேலை இங்கே தொடங்குகிறது. முதல் நாள் அவர் போய்ப் பிரசங்கம் செய்ய வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தால் போதும். மறுநாள் மீன்பிடித் துறைமுகக் காவல் நிலையத்துக்குக் கூடப் போக வேண்டும். புகார் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்ல வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்துக்கு விண்ணப்பம், நலவாரிய அட்டை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், படகுக்கு வாங்கிய கடனைக் கேட்டு வாசலில் நிற்கிறவரிடம் தவணை கேட்பது. பெட்டி இல்லாமல் ஒரு அடக்க ஆராதனை நடத்தலாமா, எப்போது நடத்தலாம் என்பதை அந்த அம்மாவின் மனம் அறிந்து போதகரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் தீராது. ஏழு வருஷம் ஆகும். அதற்குள் போதகருக்கு மாற்றல் வந்துவிடும். சில சபைகளில் இரண்டு பேர் மாறிப்போவார்கள். மூப்பர் ஊரிலேயே இருப்பவர். அவருக்கும் முடியாமல் போனால் அந்த வீட்டுக் கதையை அறிந்த இன்னொரு மூப்பர் இருக்க வேண்டும். துக்கத்திலிருக்கும் குடும்பம் தன் கதையை ஆரம்பத்திலிருந்து மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

வியாதியிலும் அப்படித்தான். ஸ்டான்லி மருத்துவமனையில் உங்கள் சபையார் ஒருவர் படுத்திருந்தால், யாக்கோபு சொன்ன எண்ணெயும் ஜெபமும் போக வேண்டும். கூடவே இரவு துணைக்கு இருக்க ஓர் ஆள் போக வேண்டும். இரத்தம் கொடுக்க இரண்டு இளைஞர்கள் போக வேண்டும். மருந்தை நிறுத்து, ஜெபம் போதும் என்று சொல்ல எந்த மூப்பருக்கும் வேதம் அதிகாரம் கொடுக்கவில்லை.

மூப்பர் தவறினால்? அதற்கும் வழி எழுதப்பட்டிருக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பர்மேல் குற்றச்சாட்டை ஏற்கக் கூடாது. குற்றம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்லி இரண்டாம் பாதியை விழுங்குகிறவர்கள் உண்டு. ஒன்று மூப்பரை வதந்தியிலிருந்து காக்கிறது. மற்றது சபையை மூப்பரிடமிருந்து காக்கிறது. இரண்டும் வேண்டும். ஒரு குழந்தைக்கோ பெண்ணுக்கோ தீங்கு நடந்ததாகச் சொல் வந்தால், அது சபைக்குள் பேசி முடிக்கிற காரியமே அல்ல. சட்டப்படி காவல்துறைக்குப் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரோடு கூட நடந்து போகிறவர் மூப்பராக இருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி மீண்டும் ஒரு சொல். ஸ்காட்லாந்து சபை 1966-இல் பெண்களை மூப்பராக ஏற்றது. தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயர் ஆனார். நம் சபைகளில் யார் வீட்டில் அரிசி இல்லை, யார் வீட்டில் அடி விழுகிறது, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று முதலில் அறிகிறவர்கள் மீன் கூடை தூக்கும் தாய்மார்களே. அறிவு அவர்களிடம் இருக்கிறது. முடிவு எடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. இது சபைக்கு நஷ்டம்.

முடிவாக, உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று: ஜீவரத்தினம் நகர், சிங்காரவேலன் நகர் என்று தெருவாரியாகச் சபைக் குடும்பங்களைப் பிரித்து, ஒரு மூப்பருக்குப் பதினைந்து வீட்டுக்கு மேல் இல்லாமல் ஒப்படையுங்கள். மாதம் ஒரு முறையாவது அவர் அந்த வாசல்படி மிதிக்கட்டும். இரண்டு: வரவு செலவை மாதந்தோறும் எழுதி ஆலயச் சுவரில் ஒட்டுங்கள், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மூன்று: அடுத்த முறை மூப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது, யாருக்கு அந்தப் பதவி வேண்டும் என்று கேட்காதீர்கள். கடைசியாக நம் வீட்டில் சாவு விழுந்தபோது கடைசிவரை கூட இருந்தவர் யார் என்று கேளுங்கள். ஆணோ பெண்ணோ, படகுக்காரரோ கூலிக்காரரோ, அந்தப் பெயரை எழுதுங்கள்.

இந்த மூன்றையும் செய்ய எந்த மேலிடத்து அனுமதியும் வேண்டாம். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குமுன் தொடங்கிவிடலாம். தொடங்குங்கள்.